தாய்வீட்டில் பிறந்த பிள்ளையும் அமெரிக்கக் கிரீன் கார்டும்



பெண் பிள்ளையின் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். மகள் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் சரி, கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டிருந்தாலும் சரி, ஏழாம் மாதம் நெருங்கும்போது அவளை அழைத்து வந்துவிடுகிறோம். துபாய், சவூதி, சிங்கப்பூர் என்றிருந்த நிலை மாறி, இன்று நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அமெரிக்காவிலும் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அவர்களில் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்ற பெண்களும் பிரசவத்துக்காக ஊருக்கு வருகிறார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. உம்மாவிடமும் அத்தாவிடமும் கிரீன் கார்டு இருக்கிறது. பிள்ளையோ நம் ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கிறது. அமெரிக்க மண்ணில் பிறந்திருந்தால் அது பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகனாகியிருக்கும். இங்கே பிறந்ததால் அது இந்தியக் குடிமகன். பெற்றோரோடு அமெரிக்காவில் நிலையாக வாழும் உரிமையை அதற்கு எப்படிப் பெற்றுத் தருவது?

இதற்கு அமெரிக்கச் சட்டத்தில் எளிய வழி ஒன்று உண்டு. விசா விண்ணப்பமும் வேண்டாம், தூதரக நேர்காணலும் வேண்டாம். ஆனால் அந்த வழி சில நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது. அவற்றை அறியாமல் அன்பினால் செய்யும் ஒரு காரியமே அந்த வாசலை அடைத்துவிடக்கூடும். அடைபட்டால் கைக்குழந்தை இங்கும் பெற்றவள் அங்குமாக மாதங்களோ ஆண்டுகளோ பிரிந்திருக்க நேரிடும். அந்த நிலை நம் குடும்பங்களில் எவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இம்மாத மடலில் இதை விரிவாக எழுதுகிறோம். மகளை அமெரிக்காவில் கட்டிக்கொடுத்திருப்பவர்கள் பொறுமையாக ஒருமுறை படியுங்கள். மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

விதி என்ன சொல்கிறது?

அமெரிக்கக் கூட்டாட்சி விதித் தொகுப்பில் 8-ஆம் தலைப்பின் 211.1 பிரிவிலும், 22-ஆம் தலைப்பின் 42.1 பிரிவிலும் இந்தச் சலுகை எழுதப்பட்டிருக்கிறது. அதன் கருத்து இதுதான்: நிரந்தரக் குடியுரிமை பெற்ற தாய் தற்காலிகமாக வெளிநாடு சென்றிருக்கும்போது அவளுக்குப் பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளை அமெரிக்காவுக்குள் நுழையக் குடியேற்ற விசா தேவையில்லை. விமான நிலையத்தில் இறங்கும்போதே எல்லை அதிகாரி அதை நிரந்தரக் குடியிருப்பாளராக ஏற்றுப் பதிவு செய்வார்.

இதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, பிள்ளை பிறந்த நாளில் தாயிடம் நிரந்தரக் குடியுரிமை இருக்க வேண்டும். தந்தையிடம் மட்டும் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

இரண்டாவது, தாய் இங்கே வந்தது தற்காலிகப் பயணமாக இருக்க வேண்டும். அமெரிக்க வீட்டைக் கலைத்துவிட்டு நிலையாக ஊருக்குத் திரும்பிவிட்டவருக்கு இது பொருந்தாது.

மூன்றாவது, பிள்ளைக்கு 2 வயது நிறைவதற்குள் அமெரிக்க எல்லையில் போய் நிற்க வேண்டும்.

நான்காவது, பிள்ளை பிறந்த பிறகு பெற்றவர் அமெரிக்காவுக்குத் திரும்பும் முதல் பயணத்திலேயே பிள்ளையும் உடன் செல்ல வேண்டும்.

முதல் மூன்றையும் பலர் எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். நான்காவதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

அந்த முதல் பயணம்

நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பதை எண்ணிப் பாருங்கள். பிரசவம் முடிந்து நாற்பது நாள் கழிந்துவிட்டது. மகளுக்கு வேலையில் தந்த விடுப்பு தீரப்போகிறது. பிள்ளைக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை. அங்கே குளிர் காலம் வேறு. அப்போது நன்னி சொல்கிறார்: “நீ போய் வேலையைப் பாரும்மா. பிள்ளை எங்க கிட்ட இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சு நானும் நன்னாவும் கொண்டு வந்து விட்டுட்டு வர்றோம்.”

இதைவிட அன்பான சொல் வேறு இருக்க முடியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு மகள் தனியாக விமானம் ஏறினால், விதியில் சொல்லப்பட்ட முதல் பயணம் முடிந்துபோகிறது. அடுத்த முறை அவள் ஊருக்கு வந்து பிள்ளையை அழைத்துச் செல்லும்போது அது இரண்டாவது பயணம். பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, 2 வருடக் கெடு இன்னும் தாராளமாக இருக்கிறது என்று சொன்னாலும் செல்லாது.

நன்னியும் நன்னாவும் கொண்டுபோய் விடுவதும் முடியாது. உடன் வருபவர் பெற்றவராக இருக்க வேண்டும். அவரும் நிரந்தரக் குடியிருப்பாளராகத் திரும்புபவராக இருக்க வேண்டும். பாட்டனார், மாமா, சாச்சி என்று யார் தூக்கிச் சென்றாலும் இந்தச் சலுகை கிடைக்காது.

ஒரு வாரப் பயணமும் பயணம்தான். அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், வீட்டு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்று பிள்ளையை இங்கே விட்டுவிட்டுச் சென்று உடனே திரும்பி வந்தாலும், அது முதல் திரும்புதலாகவே கணக்கில் வரும்.

“தாய் தனியாகப் போய்விட்டாள், தந்தையிடமும் கிரீன் கார்டு உண்டு, அவர் அழைத்துச் செல்லலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. தாய், தந்தை இருவரில் ஒருவர் உடன் வரலாம் என்றே விதி சொல்கிறது; ஆனால் அவருக்கும் அது பிள்ளை பிறந்த பிறகு முதல் திரும்புதலாக இருக்க வேண்டும். பிரசவத்தின்போது வந்து பிள்ளை முகம் பார்த்துவிட்டுத் திரும்பிய தந்தைக்கு அந்த வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. பிள்ளை பிறந்த பிறகே முதன்முறையாக ஊருக்கு வரும் தந்தையும் டிக்கெட் எடுக்குமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் எழுத்துமூலம் கருத்து வாங்கிக்கொள்வது நல்லது. எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, பெற்றவளே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவதுதான்.

2 வருடம் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்

பிள்ளைக்கு 2 வருடக் கெடு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தாயின் கிரீன் கார்டுக்கு வேறொரு கெடு இருக்கிறது. அமெரிக்காவை விட்டு வெளியேறிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் திரும்பினால்தான் கிரீன் கார்டை மட்டும் காட்டி நுழையலாம். தாயே நுழைய முடியாவிட்டால் பிள்ளை எப்படி நுழையும்? ஆகவே இரண்டு கெடுக்களில் எது முதலில் முடிகிறதோ, அதுதான் நமக்குக் கெடு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பெண் 2025 ஜனவரி 10 அன்று அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வருகிறாள். ஏப்ரல் 5 அன்று பிள்ளை பிறக்கிறது. பிள்ளைக்கான கெடு 2027 ஏப்ரல் 5 வரை ஓடுகிறது. தாயின் கிரீன் கார்டுக்கான 1 வருடமோ 2026 ஜனவரி 10-இல் முடிந்துவிடுகிறது. அப்போது பிள்ளைக்கு 9 மாதம்தான் ஆகியிருக்கும். அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் இருப்பது பிரசவத்துக்குப் பிறகு 9 மாதம். 2 வருடம் அல்ல.

இன்னொரு நுட்பமும் உண்டு. 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்தவரை, புதிதாக அனுமதி கேட்பவரைப் போல விசாரிக்க எல்லை அதிகாரிக்குச் சட்டம் இடம் தருகிறது. மேற்சொன்ன உதாரணத்தில் அது ஜூலை இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு திரும்பக் கூடாது என்பதல்ல. ஏன் இவ்வளவு நாள் தங்கினீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்குப் பிரசவம் பார்த்த டாக்டரின் கடிதம், கணவரின் வேலைச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், அமெரிக்காவில் வரி கட்டிய விவரம் ஆகியவை கையில் இருக்கட்டும். 6 மாதத்துக்கு மேல் வெளியே தங்குவது, பின்னாளில் தாய் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது தொடர்ந்து வசித்த காலக் கணக்கையும் பாதிக்கக்கூடும்.

உடல்நிலை காரணமாகவோ வேறு காரணமாகவோ 1 வருடத்துக்கு மேல் தங்க நேரிடும் என்று முன்பே தெரிந்தால், அமெரிக்காவை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் ஐ-131. இது பெரும்பாலும் 2 வருடம் வரை செல்லும். விண்ணப்பிக்கும் நாளில் அமெரிக்காவில் இருந்தாக வேண்டும். ஊருக்கு வந்த பிறகு இங்கிருந்து விண்ணப்பிக்க இயலாது. கைரேகைக்கும் அங்கே அழைப்பார்கள். அதையும் முடித்துக்கொண்டு வருவதே நல்லது. கைரேகைக்காகப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டோம்.

திருமணமாகி 2 வருடத்துக்குள் கிரீன் கார்டு பெற்ற சில பெண்களுக்கு 2 வருடம் மட்டுமே செல்லும் நிபந்தனை அட்டை தரப்பட்டிருக்கும். அந்த அட்டை காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 படிவம் கொடுக்க வேண்டும். அந்த நாட்கள் பிரசவ காலத்தில் வந்து விழுகின்றனவா என்பதை ஊருக்கு டிக்கெட் எடுக்குமுன் பாருங்கள்.

இங்கே தயார் செய்ய வேண்டியவை

முதலில் பிறப்புச் சான்றிதழ். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரியே தெரிவித்துவிடும். ஆனால் அவர்கள் எழுதிக் கொடுக்கும் விவரத்தை நாம் சரிபார்க்க வேண்டும். தாயின் பெயர் அதில் எப்படி எழுதப்படுகிறது என்பதுதான் முக்கியம்.

நம் பெயர்களில் உள்ள சிரமம் உங்களுக்குத் தெரியாததல்ல. பாத்திமா என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, நிக்காஹ் பதிவேட்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருக்கும். இன்ஷியல் ஓரிடத்தில் முன்னால் வரும். ஓரிடத்தில் விரிவாகத் தந்தை பெயராக வரும். அமெரிக்க அதிகாரிக்கு இந்த வழக்கம் எதுவும் தெரியாது. பிள்ளையின் சான்றிதழில் உள்ள தாயும் கிரீன் கார்டில் உள்ள பெண்ணும் ஒருவரே என்பது ஒரு பார்வையில் அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரியில் விவரம் கொடுக்கும்போதே தாயின் பாஸ்போர்ட், கிரீன் கார்டு நகலைக் கொடுத்து, எழுத்துக்கு எழுத்து அதன்படியே எழுதச் சொல்லுங்கள். தந்தையின் பெயரும் அப்படியே.

பிள்ளைக்கு ஏழாம் நாள் அகீகாவின்போதுதான் பெயர் வைக்கிறோம். அதற்குள் ஆஸ்பத்திரிப் பதிவு பெயரில்லாமலே போய்விடுகிறது. கவலை வேண்டாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நமக்கு அவ்வளவு நாள் இல்லை. பெயர் வைத்த வாரத்திலேயே நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்து, ஆங்கிலமும் உள்ள சான்றிதழாக வாங்குங்கள். ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது கடினம். இரு வீட்டாரும் பேசி முடிவு செய்துவிட்டுப் பதியுங்கள்.

அடுத்தது பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். சிறு பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்கப்படும். தந்தை அமெரிக்காவில் இருந்தால் அவருடைய உறுதிமொழியை எந்த வடிவத்தில் தர வேண்டும் என்று பாஸ்போர்ட் சேவை மையத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். தந்தை பிரசவத்துக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் அவர் இங்கே இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது எளிது.

இவற்றோடு தாயின் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, திருமணச் சான்றிதழ், தந்தையின் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டு நகலும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடக் கூடாது.

விமான நிலையத்தில்

இந்தப் பயணத்தில் தடை வருவதாக இருந்தால் பெரும்பாலும் அமெரிக்காவில் வருவதைவிட நம் ஊர் விமான நிலையக் கவுண்டரில்தான் வரும். விசா இல்லாத பயணியை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். அதனால் கவுண்டரில் இருப்பவர் பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் புரட்டி, “விசா எங்கே?” என்றுதான் கேட்பார். அவர் மேல் குற்றமில்லை. இந்த விதி அவர் அடிக்கடி பார்ப்பது அல்ல.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்துக்கு எழுதி, இந்த விதியைக் குறிப்பிட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை விமான நிறுவனங்களுக்காக வெளியிடும் வழிகாட்டியிலும் இந்தச் சலுகை இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் மேலே சொன்ன இரு விதிப் பிரிவுகளையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். வழக்கமான நேரத்தைவிட முன்னதாகவே விமான நிலையம் செல்லுங்கள். முதலில் சந்திப்பவர் மறுத்தால் சத்தம் போடாமல், மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லி அச்செடுத்த தாளைக் காட்டுங்கள்.

அபுதாபி வழியாகச் செல்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்களுக்கு அமெரிக்க எல்லை அதிகாரிகளின் சோதனை அபுதாபி விமான நிலையத்திலேயே நடக்கிறது. விமானம் மாறுவதற்குக் குறைந்த நேரமே உள்ள டிக்கெட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

இறங்கிய பிறகு

எல்லைச் சோதனையில் தாயையும் பிள்ளையையும் தனி அறைக்கு அனுப்புவார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பிள்ளையின் நிரந்தரக் குடியுரிமைப் பதிவை உருவாக்குவதற்கான இடம் அது. அங்கே சில மணி நேரம் ஆகலாம். பிள்ளைக்குப் பாலும் மாற்றுத் துணியும் கையில் இருக்கட்டும்.

அதிகாரி ஆவணங்களைப் பார்த்துப் படிவம் பூர்த்தி செய்து, பிள்ளையின் பாஸ்போர்ட்டில் முத்திரை இடுவார். அறையை விட்டு வெளியேறுமுன் அந்த முத்திரையைப் படித்துப் பாருங்கள். இவ்வகைப் பிள்ளைகளுக்கான குறியீடு என்.ஏ.3. சுற்றுலாப் பயணியாகவோ வேறு வகையிலோ தவறிப் பதிந்திருந்தால் அங்கேயே பணிவாகச் சொல்லித் திருத்திக்கொள்வது எளிது. பின்னர் திருத்துவது பெரும்பாடு. பிள்ளையின் கிரீன் கார்டு தபாலில் வரும் என்பதால், கொடுக்கும் முகவரி உறுதியானதாக இருக்க வேண்டும். வீடு மாறினால் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளைக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணும் அங்கே வாங்க வேண்டும்.

அட்டை வந்ததோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை. கிரீன் கார்டு பெற்ற பிள்ளைக்கும் பெரியவர்களுக்கு உள்ள அதே விதிகள்தாம். பிள்ளையை வளர்க்க ஆள் இல்லை என்று மறுபடியும் ஊருக்கு அனுப்பி, பாட்டி வீட்டில் 1 வருடத்துக்கு மேல் வைத்திருந்தால், பிள்ளையின் கிரீன் கார்டும் நுழைவுக்குச் செல்லாமல் போகும். அப்படி அனுப்ப வேண்டியிருந்தால் பிள்ளைக்கும் முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். 14 வயது நிறைந்ததும் 30 நாட்களுக்குள் கைரேகை கொடுத்து அட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் குறித்து வையுங்கள்.

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பலனும் உண்டு. நிரந்தரக் குடியிருப்பாளராகப் பெற்றோரோடு அங்கே வாழும் பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள், அதை வளர்க்கும் பெற்றோரில் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றாலும் போதும். பிள்ளையும் தானாகவே குடிமகனாகிவிடும். 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது.

இந்த வழி யாருக்கு இல்லை? அவர்களுக்கு எது வழி?

கணவர் எச்-1பி வேலை விசாவிலும் மனைவி எச்-4 விசாவிலும் இருந்தால் அது கிரீன் கார்டு அல்ல. அவர்களுடைய பிள்ளைக்கும் எச்-4 விசா வாங்கியே செல்ல வேண்டும். “அமெரிக்காவில் இருக்கிறார்கள்” என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடாமல், எந்த விசா என்று மகளிடமும் மருமகனிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தந்தை அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் வழியே வேறு. அவர் பிள்ளை பிறப்பதற்கு முன் மொத்தம் 5 வருடம், அதில் 14 வயதுக்குப் பிறகு 2 வருடமாவது அமெரிக்காவில் வசித்திருந்தால், பிள்ளை பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அந்தப் பாஸ்போர்ட்டில் இந்தியாவை விட்டு வெளியேற நம் நாட்டு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் அனுமதியும் தேவைப்படும்; அதற்கும் நாட்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

குடியேற்ற விசா கையில் கிடைத்த பிறகு, புறப்படுமுன் பிள்ளை பிறந்தால் அதற்கும் சலுகை உண்டு. பெற்றவரின் விசா காலாவதியாவதற்குள் அவரோடு சேர்ந்து சென்றால் பிள்ளைக்குத் தனி விசா தேவையில்லை. பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் இங்கும் வேண்டும்.

தந்தையிடம் மட்டும் கிரீன் கார்டு இருந்தாலோ, தாயின் முதல் பயணம் தவறிப்போயிருந்தாலோ, மிஞ்சுவது மனுச் செய்து காத்திருக்கும் வழிதான். கிரீன் கார்டு உள்ளவர் தன் பிள்ளைக்காக ஐ-130 படிவம் கொடுக்க வேண்டும். எப்2ஏ என்ற இந்தப் பிரிவில் ஆண்டுதோறும் தரும் விசாக்களுக்கு வரம்பு உண்டு. வரிசை விரைவாக நகர்ந்த காலமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் நின்ற காலமும் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையைப் பார்த்தால் அன்றைய நிலை தெரியும். தந்தை கிரீன் கார்டு பெறுவதற்கு முன்பே நடந்த திருமணமாக இருந்தால், அவர் அதை வேலை வழியாகவோ உறவு வழியாகவோ எந்தப் பிரிவில் பெற்றார் என்பதைப் பொறுத்து, மனைவியும் பிள்ளையும் அவருடைய பழைய மனுவிலேயே பின்தொடர்ந்து செல்ல இடமிருக்கலாம். புதிய மனுக் கொடுக்குமுன் வழக்கறிஞரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

முதல் பயணம் தவறிவிட்டது என்று தெரிந்ததும் சில ஏஜெண்டுகள், “சுற்றுலா விசாவில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு சுற்றுலாப் பயணி என்று சொல்லி விசா கேட்பது பொய்த் தகவல். பொய்த் தகவலால் விசா பெற்றவருக்கு ஆயுள் முழுவதும் நுழைவுத் தடை விதிக்கவும் அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. பேசத் தெரியாத பிள்ளையின் பெயரில் பெரியவர்கள் பொய் எழுதுவது நமக்கு ஆகுமா?

உறவினரின் பிள்ளையை எடுத்து வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சலுகை பெற்ற தாய்க்கு மட்டுமே. வளர்க்கும் தாயின் பெயரைப் பெற்ற தாய் என்று பிறப்புச் சான்றிதழில் எழுதச் செய்வது நம் நாட்டிலும் குற்றம், மார்க்கத்திலும் கூடாது. அதனால் பின்னாளில் பாதிக்கப்படப்போவது அந்தப் பிள்ளைதான்.

சுருக்கமாக

மகள் பிரசவத்துக்குப் புறப்படுமுன்னரே நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவளிடம் இருப்பது கிரீன் கார்டா, வேறு விசாவா? அட்டை எந்தத் தேதி வரை? அமெரிக்காவை விட்டுப் புறப்படும் நாளிலிருந்து 1 வருடம் எந்தத் தேதியில் முடிகிறது? அந்தத் தேதிக்குள் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வாங்கித் தாயும் பிள்ளையும் சேர்ந்து திரும்ப முடியுமா? நான்குக்கும் விடையை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள்.

அதில் ஐந்தாவதாக ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்: பிள்ளை இல்லாமல் தாய் விமானம் ஏறக்கூடாது.

விடுப்பு தீர்ந்துவிட்டால் வேலைக்கு இன்னும் சில வாரம் அவகாசம் கேட்கலாம். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டால் சில ஆயிரம் ரூபாய் நஷ்டமாகலாம். தவறவிட்ட முதல் பயணத்தை மீண்டும் பெற முடியாது.

நம் அறக்கட்டளையில் வழக்கறிஞர் சேவை இல்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கவும், பாஸ்போர்ட் விண்ணப்பம் பூர்த்தி செய்யவும், கோப்பைச் சரிபார்க்கவும் நாம் உதவுகிறோம். ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். அமெரிக்கச் சட்டம் தொடர்பான இறுதி முடிவுகளை அந்நாட்டில் உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டே எடுங்கள். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அவர்கள் பெற்றவர்களின் நிழலிலேயே வளர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
அறக்கட்டளை நிர்வாகத்தினர் சார்பாக